சுங்கானும் கைத்திறனும்

தலைப்பைக் கண்டவுடன் நம் சங்கத் தோழர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை நான் அறிவேன். தமிழ் மாணவர் மலரில் எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை, புகை குடிக்கும் கருவியைப் பற்றியா எழுதுவது என்று கேட்பர். மலர்க் குழுவிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். "நீயோ வெற்றிலைகூடப் போடாதவன், உனக்கு எதற்கப்பா இந்தச் சுங்கான் புராணம்?" என்றார். கேள்வி நியாயமானதே. விடைதான் சற்று நீளமானது. ஆகவே கட்டுரையாக எழுத நேர்ந்தது.

முதலிலேயே என் கட்சியைக் கூறிவிடுகிறேன். 'பைப்' என்று நாம் வழக்கில் சொல்லும் மரச் சுங்கானைக் கையால் செய்யும் நல்ல கலைஞர்கள், இயற்கையைப் பார்த்துச் செய்வது என்றால் என்ன என்பதை வேறெந்தக் கைவினைஞருக்கும் குறையாமல் உணர்ந்தவர்கள். அவர்களுடைய கைத்திறனை நான் போற்றுகிறேன். அந்தச் சுங்கானுக்குள் இடப்படும் பொருளை வெறுக்கிறேன். இவ்விரண்டையும் ஒருவனே சொல்லலாமா என்பதுதான் வழக்கு. சொல்லலாம் என்பது என் துணிபு. ஆனால் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதும் என் துணிபே.

தாவரவியல் பயிலும் மாணவன் ஆகையால் செடியிலிருந்து தொடங்குகிறேன். இன்று உலகில் விற்கும் நல்ல மரச் சுங்கான்களிற் பெரும்பாலானவை பிரையர் என்னும் கட்டையால் ஆனவை. பிரையர் என்றதும் ஆங்கிலம் படித்தவர்கள் முள்ளடர்ந்த காட்டு ரோஜாவை நினைப்பர். அதற்கும் இதற்கும் உறவில்லை. 'புரூயேர்' என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயர் வாயில் அகப்பட்டுப் பிரையர் ஆயிற்று. செடியின் விஞ்ஞானப் பெயர் எரிக்கா ஆர்போரியா. இத்தாலி, கோர்சிகா, கிரீஸ், ஸ்பெயின், அல்ஜீரியா என மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் வறண்ட சரிவுகளில் வளரும் புதர்மரம் அது. சின்னஞ்சிறு மணிகளைக் கோத்தாற்போல வெள்ளையாகப் பூக்கும். அதன் குடும்பம் எரிக்கேசியே. உதகையிலும் கொடைக்கானலிலும் செக்கச் செவேலென்று பூத்து நிற்கும் காட்டுப்பூவரசும் அக்குடும்பந்தான். அதே இனத்தை இமயச் சரிவில் 'புராஞ்ச்' என்பர். கோடையில் இங்கு நாம் வாங்கிக் குடிக்கும் சிவப்புச் சர்பத் அதன் பூவிலிருந்து எடுப்பது. ஆக, பிரையர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

இச்செடி வாழும் நிலத்தில் கோடைக் காலத்தில் அடிக்கடி காட்டுத்தீ மூளும். தண்டும் இலையும் எரிந்து சாம்பலாகும். ஆயினும் செடி சாவதில்லை. தண்டும் வேரும் கூடுமிடத்தில், மண்ணுக்குள் புதைந்து, ஒரு பெரிய முண்டு பருத்திருக்கிறது. உறங்கும் மொட்டுகள் பல அதில் உள்ளன. மாவுச்சத்தும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தீ அணைந்து மழை பெய்ததும் மொட்டுகள் விழித்துத் தளிர்விடுகின்றன. எரிந்த மலை மீண்டும் பசுமையாகிறது.

அந்த வேர்முண்டுதான் சுங்கான் ஆகிறது! தீயில் பிழைப்பதற்கென்றே ஒரு செடி எத்தனையோ தலைமுறைகளாக உருவாக்கிக்கொண்ட உறுப்பைத் தோண்டியெடுத்து, அதற்குள்ளேயே மனிதன் தீயை வைத்துவிட்டான். இதைவிட வேடிக்கையான உறவு ஒரு செடிக்கும் மனிதனுக்கும் இடையே உண்டா என்று தெரியவில்லை. முண்டு கெட்டியானது, அடர்த்தியானது, சூட்டைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும், எளிதில் கருகாது. இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டு, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் பிரையர் வருவது நின்றது. அப்போது அவர்கள் தேடிப் பிடித்த மாற்று மரங்களுள் முக்கியமானவை இரண்டு: கலிபோர்னியாவின் மன்சனிதா, கிழக்கு மலைகளின் மவுண்டன் லாரல். இரண்டும் எரிக்கேசியே குடும்பத்தவையே! வகைப்பாட்டியல் வறட்டுப் பாடம் என்று அலுத்துக்கொள்ளும் என் வகுப்புத் தோழர்கள் இதைக் கவனிப்பாராக.

நல்ல சுங்கானுக்கேற்ற முண்டு திரள முப்பது நாற்பது ஆண்டுகளேனும் செல்லும். தோண்டியெடுத்த முண்டை ஈரம் காயாமல் காக்க வேண்டும், காய்ந்தால் வெடித்துவிடும். அதை வட்ட ரம்பத்தில் வைத்துத் துண்டு போடுபவர் தனித்தேர்ச்சி உடையவர். உள்ளே எங்கு ஓட்டை, எங்கு சொத்தை, எங்கு கல் என்பதை வெட்டி வெட்டித்தான் அறிய முடியும். பிறகு துண்டுகளைப் பெரிய கொப்பரையில் பல மணி நேரம் வேகவைப்பர். கறையும் துவர்ப்பும் நீரில் இறங்கும். பின்னர் மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவர். அதன் பிறகும் வாங்கிய கலைஞர் தம் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்திருப்பதுண்டு. இதில் அவசரக்காரனுக்கு இடமே இல்லை.

இனி ரேகைக்கு வருவோம். என் வாதமெல்லாம் ரேகையைப் பற்றியதே. முண்டின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி இழைகள் விசிறிபோல் விரிந்து செல்கின்றன. இழையை நெடுக்கில் வெட்டினால் நேர்க்கோடுகள் தெரியும். குறுக்கில் வெட்டினால் அதே இழைகளின் நுனிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்புள்ளிகளைப் 'பறவைக் கண்' என்கின்றனர். ஒரே கட்டையின் ஒரு முகத்தில் மழைத்தாரை, மறு முகத்தில் மழைத்துளி! உள்ளிருந்து எடுத்த துண்டில் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். அவை தொழிற்சாலைக்குப் போகும். பட்டையோடு சேர்ந்த வெளித்துண்டில் இழைகள் ஒழுங்காக விரிந்திருக்கும். கைவினைஞர் தேடுவது அதைத்தான்.

பிரையர்ச் சுங்கான் தொழில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டு ஜூரா மலைப் பகுதியிலுள்ள சேன் குளோத் என்னும் ஊரில் வேரூன்றியது. அவ்வூரார் முன்பே மரக் கடைசலில் கைதேர்ந்தவர்கள். பிறகு இங்கிலாந்து அத்தொழிலைப் பெரிதாக்கியது. அத்தொழிற்சாலைகளில் வடிவங்கள் முன்கூட்டியே முடிவானவை. பில்லியர்ட், ஆப்பிள், டப்ளின், புல்டாக் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, அளவு உண்டு. கட்டையைக் கடைசல் எந்திரத்தில் பூட்டித் துளையிட்டு, அத்துளையைச் சுற்றி வடிவத்தைக் கடைவர். ரேகை எப்படி ஓடினால் என்ன? நூறு கட்டை போனால் நூறு பில்லியர்ட் வெளிவரும். குறை தெரிந்த இடத்தில் மக்கு வைத்து அடைத்து, மேலே சாயம் பூசிவிடுவர். இதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. உழைக்கும் மக்களுக்கு மலிவாகக் கிடைத்தது அதுதான். ஆனால் அங்கே மரம் பேசுவதில்லை.

மரத்தைப் பேசவிட்டவர்கள் டென்மார்க்கில் தோன்றினர். கோபன்ஹேகன் என்றதும் விஞ்ஞான மாணவராகிய நமக்கு நீல்ஸ் போர் நினைவுக்கு வருவார். அவர் வாயிலும் எப்போதும் ஒரு சுங்கான் இருந்தது என்பதை அவர் படத்தைக் கண்டவர் அறிவர். அதே நகரில் சிக்ஸ்டன் இவார்சன் (1910-2001) என்றொருவர் இருந்தார். பிறப்பால் ஸ்வீடன் நாட்டவர்; பிழைப்புக்காகக் கோபன்ஹேகன் வந்தவர். (பிழைக்க வந்த இடத்தில் பெயர் எடுத்தவர் என்றால் நம் போன்றோர்க்கு ஒரு தனிப் பற்று வருவது இயல்புதானே!) கடன் வசூலிக்கும் நிறுவனத்தில் வேலை. ஒரு நாள் தம் சுங்கான் பழுதாகி, அதைச் செப்பனிடும் கடைக்குப் போனார். போனவர், நானே செய்துகொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளராகப் போன அவரிடமே பிறகு அந்தப் பட்டறை வந்து சேர்ந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பிரையர் அரிதாக இருந்தமையால் பழையனவற்றைப் பழுது பார்ப்பதே பெருந்தொழில். நூற்றுக்கணக்கான சுங்கான்களைப் பிரித்துப் பார்த்த கை அது. எது ஏன் கெடுகிறது என்று அதற்குத் தெரியும்.

டேனிஷ் கலைஞர் செய்த புரட்சி சொல்வதற்கு மிகச் சிறியது. முதலில் துளை, பிறகு வடிவம் என்ற தொழிற்சாலை வரிசையைத் தலைகீழாக்கினர். முதலில் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. ரேகை எத்திசையில் ஓடுகிறதென்று அறிவது. அதற்கேற்ப வெளிவடிவத்தைத் தேய்த்தெடுப்பது. அதன் பிறகே துளையிடுவது. இவ்வளவுதான். ஆனால் இந்த வரிசை மாற்றத்தால் சுங்கான் கடைசல் எந்திரத்தின் வட்டத்திலிருந்து விடுபட்டது. இருபுறமும் ஒத்திராத வடிவங்கள் முதன்முதலாக இயலக்கூடியவை ஆயின.

சிக்ஸ்டனின் மகன் லார்ஸ் இவார்சன். 'பேத்தை மீன்' என்று தமிழில் பெயர்க்கத்தக்க வடிவம் ஒன்றை அவர் ஆக்கித் தந்தார். நம் கடற்கரையோரத் தோழர்கள் பேத்தையை அறிவர். உடலை ஊதிப் பந்தாக்கிக் கொள்ளும் மீன். அந்தச் சுங்கானுக்குச் செதில் இல்லை, துடுப்பு இல்லை, கண் இல்லை. இரு கன்னங்கள் புடைத்திருக்கின்றன. கன்னம் இரண்டிலும் பறவைக் கண் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. கன்னங்களுக்கு இடையே ஓடும் வளைவில் நேர் ரேகை கட்டுக் கட்டாகச் செல்கிறது. எந்த இடத்தில் இழை குறுக்காக வருகிறதோ அந்த இடத்தைப் புடைக்க வைத்தார். எங்கே நெடுக்காக ஓடுகிறதோ அங்கே முகடு வைத்தார். மீனை மரத்தின்மேல் வரையவில்லை. மரத்தின் இழையை விளங்க வைக்கப் போனார், கிடைத்தது மீன். லார்சின் மகள் நன்னா இவார்சனும் இத்தொழிலையே மேற்கொண்டார். ஜப்பானிலிருந்து வந்து சிக்ஸ்டனிடம் கற்ற ஹிரோயுகி தொகுதோமி, இதே வழியைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்.

ஸ்வீடனில் போ நோர்த் (1941-2006) என்பவர் இருந்தார். இளமையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். நத்தை, நாட்டிலஸ், யானைக்கால் என்பன அவர் வடிவங்களின் பெயர்கள். விற்பனைக்காக ஆண்டில் அவர் செய்தவை சிலவே. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயிற்று. நாட்டிலஸ் என்பது ஆழ்கடலில் வாழும் சங்குபோன்ற ஓட்டுயிர். அதன் ஓடு சுருண்டு சுருண்டு பெரிதாகும்; அளவு மாறினாலும் வடிவம் மாறாது. மரத்தில் அந்தச் சுருளைச் செய்வது கடினமில்லை. நல்ல தச்சன் எவனும் செய்வான். இழைகளும் அச்சுருளோடு திரும்பும்படி செய்வதுதான் கடினம். அதற்குக் கட்டை இடங்கொடுக்க வேண்டும். பத்துக் கட்டையில் ஒன்பது இடங்கொடா. பாதி செதுக்கிய பிறகு ஒரு மணல் துளை தலைகாட்டினால், ஒன்று வடிவத்தை மாற்ற வேண்டும், இல்லையேல் அடுப்பில் போட வேண்டும். மக்கு வைப்பதென்பது இவர்களிடத்தில் பேச்சே இல்லை.

இங்கேதான் என் கருத்தைச் சற்று உரக்கச் சொல்ல விரும்புகிறேன். இயற்கையைப் பார்த்துச் செய்த கலைப்பொருள் என்று நாம் கடைகளில் காண்பனவற்றில் பெரும்பகுதி இயற்கையைப் பார்த்தே செய்யப்படவில்லை. தேக்குக் கட்டையில் மயிலைச் செதுக்குவார்கள். சந்தனத்தில் யானையைச் செதுக்குவார்கள். மயில் தெரியும், யானை தெரியும். தேக்கும் சந்தனமும் தெரியமாட்டா. சுங்கான் உலகிலும் இவ்வகை உண்டு. துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கத்தில் தோண்டியெடுக்கும் மீர்ஷாம் என்னும் வெண்கனிமம் மிக மென்மையானது. நனைத்தால் கத்திக்கு வளைந்து கொடுக்கும். அதில் சுல்தானின் தலைப்பாகை, சிங்கமுகம், கழுகின் நகம் பற்றிய முட்டை எல்லாம் செதுக்கினார்கள், செதுக்குகிறார்கள். அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கல்லுக்கு ரேகை இல்லை. ஆதலால் மறுப்பும் இல்லை. செதுக்குபவன் நினைத்ததெல்லாம் நடக்கும். பிரையர் அப்படியன்று. அது எதிர்த்துப் பேசும். அந்த எதிர்ப்பேச்சுக்கு விடை சொல்லி முடித்த பின் கையில் எஞ்சுவதே வடிவம். எனக்கு இதுதான் பெரிது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின்கீழ்ச் செடித்தண்டின் குறுக்குவெட்டை வைத்துக்கொண்டு, நூலில் உள்ள படத்தை வரையாதே, கண்ணில் தெரிவதை வரை என்று எங்கள் பேராசிரியர் படாத பாடு படுகிறாரே, அதே பாடந்தான் இதுவும்.

இடையே ஒன்று. 1917ஆம் ஆண்டில் இலண்டனின் டன்ஹில் நிறுவனம் மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிச் சுங்கானின் மேற்பரப்பை அரிக்கும் முறைக்குக் காப்புரிமை கோரியது. மென்மையான பகுதி அரிபட்டுப் போக, கெட்டியான வளையங்கள் வரம்பு வரம்பாக எழுந்து நிற்கும். சிப்பி ஓட்டைப் போலிருக்கும். எந்திர முறைதான், ஆயினும் இம்முறையில் மரத்தின் வளர்ச்சி வளையங்களைக் கண்ணால் எண்ணலாம், விரலாலும் தடவி எண்ணலாம். எந்திரம் என்றால் இயற்கைக்குப் பகை, கை என்றால் உறவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறித்தேன்.

சரி, புகைக்கு வருவோம்.

என் தந்தைவழிப் பாட்டனார் உறையூரில் சுருட்டுச் சுற்றிய தொழிலாளி. நான் வளர்ந்தது நாகபுரியில். தந்தையாருக்கு அங்கே ரயில்வே வேலை. கோடை விடுமுறையில் பாட்டனாரைக் காணத் திருச்சிக்குச் செல்வோம். இலையை நனைத்து, நடு நரம்பைக் கிழித்து நீக்கி, உள்ளிலையைத் திரட்டி வைத்து, மேலிலையைச் சாய்வாகச் சுற்றி நுனியில் பசை தடவி ஒட்டுவார். ஒன்றுபோலவே ஒன்று இருக்கும். அளவுகோல் கிடையாது, அவர் கட்டைவிரல்தான் அளவு. இலையின் நரம்பு எப்பக்கம் ஓடுகிறதோ அப்பக்கம் சுற்றக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறார். கோபன்ஹேகன் கலைஞருக்கு மர இழை என்றால், அவருக்கு இலை நரம்பு. சுருட்டு என்னும் நம் சொல்தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் தரையிலிருந்த சாம்பலைக் கண்டு இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்கிறார். அச்சுருட்டைச் சுற்றிய கைகளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. டேனிஷ் கலைஞரோ தம் சுங்கானில் பெயரைப் பொறிக்கிறார்.

பாட்டனார் வாய்ப்புற்று நோயால் இறந்தார். அப்போது எனக்கு வயது பதினான்கு. இறுதி மாதங்களில் அவரால் கஞ்சி விழுங்கவும் இயலவில்லை.

ஆகவே, சுங்கான் சிகரெட்டைப் போலன்று, புகையை உள்ளே இழுப்பதில்லை, தீங்கு குறைவு என்று சொல்வோரிடம் எனக்குப் பொறுமை குறைவு. சுங்கான் புகை காரத்தன்மை உடையது. நுரையீரல்வரை போகாமலே வாயின் மென்தோல் வழியாக நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்துவிடும். சுங்கான் பிடிப்போர்க்கு உதட்டில் புற்று வருவதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். இன்று புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜ எல்லைக்குள் புகையிலைப் பொருளை விற்கலாகாது என்கிறது. நூற்றோராவது கஜத்தில் என்ன நடக்கிறதென்பதை விடுதித் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு மயக்கமும் நம் வளாகத்தில் உண்டு. சுங்கான் என்றால் சிந்தனையாளனின் சின்னம்! போர் பிடித்தார், ஐன்ஸ்டீன் பிடித்தார். ஐன்ஸ்டீனின் சுங்கான் ஒன்று அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. எனவே ஆய்வு மாணவனாகச் சேர்ந்ததும் ஒரு சுங்கான் வாங்கினால் பாதி ஆய்வேடு எழுதியாயிற்று என்று கருதுவோர் உளர். ஐன்ஸ்டீன் வயலினும் வாசித்தார். அதை ஏனோ ஒருவரும் பின்பற்றுவதில்லை!

இப்போது என் மலர்க் குழுத் தோழரின் எதிர்வாதம் வருகிறது, வலுவான வாதம். "அப்படியானால் புகையிலையை விட்டுவிட்டு அந்தக் கலைஞர்கள் மரத்தில் மீனும் நத்தையும் செய்து அலமாரியில் வைக்கட்டுமே! துளை எதற்கு?" என்றார். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். எண்ணிப் பார்க்கப் பார்க்க அது நடவாது என்று தோன்றுகிறது. சுங்கானுக்கு அதன் வேலையே இலக்கணம். புகையிலை இடும் குழி ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலம். புகை வரும் துளை நான்கு மில்லிமீட்டருக்கு மேற்படாது. அத்துளை குழியின் அடித்தளத்தை நடுவில் சென்று தொட வேண்டும். சற்று மேலே தொட்டால் அடியில் ஈரம் தேங்கும். சுவர் மெலிந்தால் கை சுடும். தடித்தால் பல்லால் கவ்வ இயலாதபடி கனக்கும். எபோனைட் வாய்க்குழல் மரத்தோடு கூடுமிடத்தில் நூலிழையும் இடைவெளி கூடாது. இத்தனை கட்டளைகளுக்கும் பணிந்துகொண்டே ரேகைக்கும் பணிய வேண்டும். ஒரு பக்கம் பயன், மறு பக்கம் மரம். நடுவில் கிடைக்கும் ஒடுக்கமான சந்தில்தான் பேத்தை மீனும் நத்தையும் பிறந்தன. துளையை எடுத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் செய்யலாம். செய்வது மீர்ஷாம் சிங்கமாகத்தான் முடியும்.

ஆக, அழகு தீமையோடு பின்னியே கிடக்கிறது. பிரித்தெடுக்க வழி இருப்பதாக நான் பாசாங்கு செய்ய மாட்டேன். ஜப்பானில் வாள் செய்யும் கொல்லர்கள் இன்றும் அரசு உரிமம் பெற்று வாள் அடிக்கிறார்கள். வெட்டுவதற்காக அன்று, கலைப்பொருளாகப் போற்றுவதற்காக. சுங்கானுக்கும் அத்தகைய முதுமை வரலாம். வாங்கியதைப் பற்றவைக்காமலே பேழைக்குள் வைத்துப் பார்த்து மகிழும் சேகரிப்பாளர் இப்போதே இருக்கிறார்கள். வேலைக்கு முழுத் தகுதியோடு செய்யப்பட்டு, வேலையே செய்யாதிருக்கும் கருவி! கேலியாகத் தோன்றலாம். எனக்கு அது கேலியாகப் படவில்லை.

ஆனால் அதுவும் நடவாமல், வாங்குவோர் குறைந்து குறைந்து, கற்க வரும் சீடரும் இன்றி, இக்கலை அடியோடு மறைந்து போகுமானால்? போகட்டும் என்பேன். மனம் நோகாமல் அன்று. ரேகையைப் படிக்கத் தெரிந்த ஒரு கை உலகில் குறைவது இழப்புத்தான். உறையூரில் என் பாட்டனாரின் கட்டைவிரல் அளவும் அவரோடு போயிற்று. அதற்காக இன்றும் வருந்துகிறேன். ஆயினும் அந்தத் திறமை அழியாதிருக்க வேண்டுமென்று இன்னொருவன் சுருட்டுப் பிடிக்கத் தொடங்க வேண்டும் என்று என்னால் ஆசைப்பட முடியாது. பாரம்பரியம், கலை, குடிசைத் தொழில் என்ற பெயர்களைச் சொல்லிப் புகையிலைக்கு வக்காலத்து வாங்குவோர் இங்கே எதிர்க்கட்சியில் உட்கார வேண்டியவர்கள். என் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

உயிரோடு இருக்கும் கலையிலிருந்து, அது இருக்கும்போதே, கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளலாம். நம் நாட்டில் மரவேலை கற்பிக்கும் நிலையங்கள் பல உள. அங்கே பயிலும் இளைஞனுக்கு மயிலையும் யானையையும் அச்சாகக் கொடுத்துச் செதுக்கச் சொல்வதற்கு முன், நாலைந்து வகைக் கட்டைகளைக் கொடுத்து, ரேகையை மட்டும் ஒரு மாதம் வரைந்து பழகச் சொன்னால் என்ன? கரண்டி செய்யட்டும், பேனா செய்யட்டும், கதவுக் கைப்பிடி செய்யட்டும். பயனும் இருக்கும், மரமும் எதிர்த்துப் பேசும். அவ்விரண்டும் உள்ள பொருள் சுங்கான் ஒன்றே அன்று. தாவரவியலாருக்கும் அதில் வேலை உண்டு. எந்த மரத்தில் இழை எவ்வாறு ஓடுகிறது என்பதை எங்கள் துறை தச்சருக்குச் சொல்ல முடியும், தச்சரும் எங்களுக்குச் சொல்ல முடியும். இந்தப் பேச்சுவார்த்தை நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் தொடங்கவே இல்லை என்பது என் குறை.

உங்களுள் யார் வீட்டிலாவது பாட்டனார் காலத்துச் சுங்கான் அலமாரியின் மூலையில் கிடக்கலாம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அதை எடுத்துத் துடைத்து, சன்னலருகே வெயிலில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பக்கங்களில் கோடுகள் செங்குத்தாக ஓடி, மேல் விளிம்பில் புள்ளிகள் நெருங்கியிருந்தால், செய்தவன் கட்டையைத் திருப்பிப் பார்த்தவன். கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் புள்ளியாகிப் பாதியில் நின்றிருந்தால், அது கடைசல் எந்திரத்திற்கு அகப்பட்ட கட்டை. சாயத்திற்கு அடியில் எங்கேனும் வழவழவென்று நிறம் மாறிய சிறு வட்டம் தென்பட்டால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்; அநேகமாக மக்கு.